பற்றரியை நோவானேன்?

மலைநாட்டின் விடியற்காலைக் குளிரை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. லயத்தின் முன்னால் வேன் நிற்கிறது. சாரதி திறப்பைத் திருகுகிறார். உறுமி எழவேண்டிய யந்திரம் ‘டிக்’ என்ற ஒற்றை ஒலியோடு அடங்கிவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்: “பற்றரி செத்துப் போச்சு!”

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முதுமொழி. அதனை மறந்து நாமும் ஒருமுறை இவ்வாறு தீர்ப்புக் கூறினோம். அதன் தண்டனையை அனுபவித்தவரோ வேறொருவர்.

சில ஆண்டுகளுக்கு முன், நோட்டன் பிரிட்ஜ் பகுதியிலிருந்து அட்டனுக்கு மாணவர்களை ஏற்றிச் செல்லும் இளைஞர் ஒருவர் தம் வேனை நம்மிடம் காட்டினார். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவருக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. வேறொரு வாகனத்திலிருந்து கம்பி தொடுத்ததும் யந்திரம் இயங்கியது. “பழைய பற்றரி, தம்பி, புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்” என்றோம். அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிப் போட்டார்.

மூன்றாம் நாள் பரீட்சை. விடியுமுன் பனிமூட்டத்தில் முன்விளக்குகளை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. பாதி வழியில் விளக்குகள் மங்கின. கண்ணாடி துடைக்கும் வைப்பர் தளர்ந்தது. பின்னர் யந்திரமே நின்றுவிட்டது. பிள்ளைகள் வேறு வாகனங்களில் தொற்றிக்கொண்டு, மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் மண்டபத்தை அடைந்தார்கள். அன்று மாலை அந்த இளைஞர் சொன்ன சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது: “அந்தச் சிவப்பு விளக்கு கொஞ்ச நாளாவே எரிஞ்சுக்கிட்டுதான் இருந்திச்சுங்க சேர்.” நாம் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

குற்றவாளி யார்? விடை காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நோட்டன் பிரிட்ஜே அதற்குப் பாடசாலை. கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர், இங்குள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1965 இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் ஆற்றல் 50 மெகாவாட். அங்கிருந்து வெளியேறும் நீர் நோட்டன் அணையில் தேங்கி, 1950 முதல் இயங்கும் பழைய லக்சபான மின்நிலையத்துக்குச் செல்கிறது. இலங்கையின் நீர்மின் வளத்தை 1918 இலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரையே அந்நிலையம் தாங்கி நிற்கிறது.

வாகனத்தின் பற்றரி ஒரு நீர்த்தேக்கம். தானாக எதையும் படைப்பதன்று, சேமித்து வைப்பது. யந்திரத்தைக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்கு ஒரே வீச்சில் பெருமின்னோட்டம் தருவது அதன் தலையாய பணி. யந்திரம் இயங்கத் தொடங்கியபின் விளக்குகளுக்கு மின்சாரம் தருவதும், செலவழிந்ததைப் பற்றரிக்குத் திருப்பி ஊட்டுவதும் ஆல்டர்னேட்டரின் கடமை. அது பெல்ட்டினால் சுழல்வது. கம்பிச் சுருளும் காந்தமும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831 இல் பரடே கண்ட உண்மையே மின்நிலையத்துக்கும் இச்சிறு கருவிக்கும் அடிப்படை.

1996 இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடு மின்வெட்டில் வாடியது. அணைகள் அப்படியே நின்றன, நீர்வரத்துத்தான் இல்லை. அந்த வேனிலும் நிகழ்ந்தது இதுவே. ஆல்டர்னேட்டரின் கரித் தூரிகைகள் தேய்ந்திருந்தன. புதிய பற்றரி, வருமானமின்றிக் கைமுதலைச் செலவிடும் குடும்பம்போல இரண்டு நாளில் வறண்டுவிட்டது.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழிகள் எளியவை. முதலில் கண்ணால் காண்போம். பற்றரி முனைகளில் வெண்பச்சைப் பூச்சு படிந்திருக்கிறதா? பிடிகள் தளர்ந்துள்ளனவா? பெல்ட் தொய்ந்து கீச்சிடுகிறதா? இரவில் ஏதேனும் விளக்கு அணைக்கப்படாமல் இருந்ததா? பல வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது, பற்றரிச் சின்னமுடைய சிவப்பு விளக்கு. திறப்பைத் திருகியதும் அது எரிவது முறை. யந்திரம் இயங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாவிடினும், ஓட்டத்தின் இடையே எரிந்தாலும், மின்னூட்டும் பகுதியையே முதலில் ஐயுற வேண்டும். யந்திரம் மெதுவாக ஓடுகையில் மங்கி, வேகம் கூட்டினால் பிரகாசிக்கும் முன்விளக்கும் பெரும்பாலும் அதே கதையைத்தான் சொல்கிறது.

மூன்றாவது, இரவல் மின்சாரச் சோதனை. கம்பி தொடுத்துக் கிளப்பியபின் வாகனம் குறைவின்றி ஓடி, மறுநாட் காலை மீண்டும் அடம்பிடித்தால், பற்றரி மூப்படைந்திருக்கலாம். அல்லது எங்கோ மின்சாரம் கசியலாம். கம்பியைக் கழற்றிய சிறிது நேரத்தில் விளக்குகள் மங்கி யந்திரம் நின்றால் ஆல்டர்னேட்டரையே பார்க்க வேண்டும்.

ஐயம் தீர்க்க வல்லது மல்டிமீட்டர். சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 ஆனால் பாதி வற்றியது. 12 இற்குக் கீழென்றால் வறண்டது. யந்திரம் ஓடும்போது அளவு ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராமல் இறங்கிக்கொண்டே போனால் வரவில்லை, செலவே நடக்கிறது என்பது பொருள். 15 ஐத் தாண்டினாலோ மிகையூட்டத்தினால் பற்றரி கெடும். புதிய வாகனங்கள் சிலவற்றில் கணினியே இவ்வளவைக் கூட்டிக் குறைப்பதால், அவற்றுக்குத் தேர்ந்தவர் சோதனையே தகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். யந்திரம் ஓடுகையில் பற்றரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். இன்றைய வாகனங்களில் அது திடீர் மின்னழுத்தத்தை எழுப்பி, விலையுயர்ந்த மின்னணுப் பகுதிகளை எரித்துவிடக்கூடும். பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும், உள்ளிருப்பதோ கந்தகவமிலம். ஆகவே அதனருகில் தீக்குச்சியும் சுருட்டும் ஆகா.

ஒன்றின் நோய் மற்றதையும் பற்றும் என்பதையும் நினைவிற் கொள்க. ஊட்டமின்றிக் கிடக்கும் பற்றரி விரைவில் பழுதாகும். பழுதான பற்றரி ஆல்டர்னேட்டரை ஓயாது உழைக்க வைத்து நலிவிக்கும். குளிர்காலையில் பற்றரியின் வலிமை இயல்பாகவே குன்றுவதால், மலைநாட்டில் பழி அதன்மேல் விழுவது எளிது. எதை மாற்றுவதாயினும் இரண்டையும் அளந்து பார்த்தபின் மாற்றுவதே அறிவுடைமை.

அந்த வேனின் தூரிகைகளை மாற்றுவதற்கு ஆன செலவு பற்றரி விலையில் ஒரு சிறு பகுதியே. சங்கிலி அடகிலிருந்து மீள மட்டும் பல மாதங்கள் சென்றன. நம்மாலான பங்கைச் செலுத்தினோம். அவர் தயங்கியே வாங்கிக்கொண்டார். பரடேயின் விதியைப் பல்லாண்டு கரும்பலகையில் எழுதிய கை, ஒரு மீட்டரை எடுத்து ஐந்து நிமிடம் அளந்திருந்தால் அந்தச் சங்கிலி வீட்டை விட்டே சென்றிராது. இப்பொழுதெல்லாம் மின்சாரப் பாடம் தொடங்கும் நாளில் நம் மேசைமீது முதலில் வைப்பது அந்த மீட்டரைத்தான்.