தோற்கத் தெரியாத சோதனை



கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் மின்னழுத்தமானிச் சோதனை நடக்கும். நீண்ட கம்பியின்மேல் தொடுசாவியை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கால்வனாமீட்டரின் முள் அசையாமல் நடுவில் நிற்கிறதோ, அதுவே சமநிலைப் புள்ளி. ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் முதல் தொடுதலிலேயே, "சார், முள் அசையவில்லை; புள்ளி கிடைத்துவிட்டது!" என்று மகிழ்ச்சியோடு ஓடி வருவார். போய்ப் பார்த்தால், கால்வனாமீட்டரின் இணைப்புக் கம்பி கழன்று கிடக்கும்!

முள் அசையாமல் நிற்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். அதன் வழியே மின்னோட்டம் உண்மையிலேயே பாயாமல் இருக்கலாம். அல்லது சுற்றே அறுந்திருக்கலாம். ஆகவேதான், முதலில் கம்பியின் இரு முனைகளிலும் தொட்டு, முள் எதிரெதிர்த் திசைகளில் விலகுகிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். அசையத் தெரிந்த முள் அசையாமல் நின்றால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இதே பாடத்தைக் கணிப்பொறி வல்லுநர்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். அந்தக் கதையை இப்போது பார்ப்போம்.

ஓடும் பருப்பும்

நீங்கள் கணிப்பொறியில் சேமிக்கும் படமும் பாடமும் வட்டில் சிறு சிறு கட்டங்களாக எழுதப்படுகின்றன. எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது கோப்பு முறைமை. நூலகத்தின் அட்டவணையைப் போன்றது அது. அட்டவணை தவறினால், புத்தகம் அலமாரியிலேயே இருந்தாலும் நமக்குக் கிடைக்காது. எனவே கோப்பு முறைமையை உருவாக்குவோர் அதைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். லினக்ஸ் உலகில் இதற்கென்றே 'எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ்' என்னும் சோதனைத் தொகுப்பு இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்காகத் தொடங்கப்பட்ட இத்தொகுப்பு, இன்று வேறு பல கோப்பு முறைமைகளையும் சோதிக்கப் பயன்படுகிறது.

இச்சோதனைகளில் பெரும்பாலானவை 'ஷெல்' மொழியில் எழுதப்பட்டவை. ஷெல் என்றால் ஓடு. இயக்க அமைப்பின் உட்பகுதிக்குக் 'கெர்னல்', அதாவது பருப்பு, என்று பெயர். அதைச் சுற்றி நின்று, நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுவதால் இதற்கு ஓடு என்ற பெயர் வந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் 1971இல் யூனிக்ஸின் முதல் ஷெல்லை எழுதினார். 1979இல் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. அதன் வழியில் பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த 'பாஷ்' இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

ஒவ்வொரு சோதனைக்கும் சில பொதுவான வேலைகள் உண்டு: காலி வட்டில் கோப்பு முறைமையை அமைக்க வேண்டும், அதை ஒரு கோப்புறையில் பொருத்த வேண்டும், முடிவில் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வேண்டியபோது பெயர் சொல்லி அழைப்பார்கள். இவற்றை நாம் துணைச்செயல்கள் என்போம். நூற்றுக்கணக்கான சோதனைகள் ஒரு துணைச்செயலை நம்பி நிற்கும். எனவே அதில் ஒரு பிழை நேர்ந்தால் அத்தனை சோதனைகளும் கெடும்.

ஓர் இடைவெளி செய்த வேலை

ஷெல்லுக்கு இடைவெளி என்பது வேலி. இடைவெளிக்கு இப்புறம் ஒரு பெயர், அப்புறம் வேறொரு பெயர். 'என் கடிதம்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்து, மேற்கோள் குறி போடாமல் அதை நீக்கச் சொன்னால், 'என்' என்று ஒரு கோப்பையும் 'கடிதம்' என்று மற்றொரு கோப்பையும் தேடிப் போகும். பெயரை ஒரு மாறியில் வைத்திருந்தாலும் இதே கதிதான். மாறியின் இடத்தில் மதிப்பை நிரப்பிய பிறகும், இடைவெளி கண்ட இடத்தில் ஷெல் வெட்டிவிடும். மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி இருந்தால்தான் வெட்டாது.

2011இல் 'பம்பிள்பீ' என்ற லினக்ஸ் மென்பொருளை நிறுவும் கட்டளைத் தொடரில், ஆழத்தில் இருந்த ஒரு கோப்புறையை நீக்க ஒரு வரி இருந்தது. அதன் பாதையில் 'யுஎஸ்ஆர்' என்ற சொல்லுக்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஷெல் இரண்டு பெயர்களாகப் படித்தது. கணிப்பொறியின் பெரும்பாலான நிரல்கள் குடியிருக்கும் 'யுஎஸ்ஆர்' கோப்புறை முழுவதையும் அழித்தது!

வெறுமையின் ஆபத்து

இடைவெளியைவிடக் கொடியது வெறுமை. 'ஸ்டீம்' என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் 2015 ஜனவரியில் வெளிப்பட்ட பிழை இதற்குச் சான்று. மென்பொருள் இருக்கும் கோப்புறையின் முகவரியை ஒரு மாறியில் வைத்து, 'அந்த முகவரி, ஒரு சாய்கோடு, அதன் கீழுள்ள அனைத்தும்' என்று நீக்கும்படி ஒரு வரி இருந்தது. முகவரியைக் கண்டுபிடிக்கும் முயற்சி தோற்றபோது மாறி வெறுமையாயிற்று. எஞ்சியது சாய்கோடு மட்டுமே. யூனிக்ஸ் வழக்கில் தனிச் சாய்கோடு என்றால் கோப்பு மரத்தின் வேர்! பயனாளர் அழிக்க உரிமை பெற்றிருந்த கோப்புகள் எல்லாம் போயின. காப்பு நகலுக்காக இணைத்திருந்த வெளி வட்டும் தப்பவில்லை. அந்த வரிக்கு மேலே, 'பயமாக இருக்கிறது' என்னும் பொருளில் எழுதியவரே ஒரு குறிப்பு வைத்திருந்தார். பயந்தார், ஆனால் தடுப்புப் போடவில்லை.

மாறிக்கு மதிப்பே தரப்படாவிட்டால் நின்றுவிடும்படி ஷெல்லுக்கு ஒரு விதி விதிக்கலாம். ஆனால் இங்கே அது போதாது. வெறுமை என்ற மதிப்பு தரப்பட்டுவிட்டதே! மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டு நெளிவு அடைப்புக்குள் எழுதினால், மதிப்பு இல்லாவிட்டாலும் வெறுமையாக இருந்தாலும் கட்டளைத் தொடர் அங்கேயே நின்றுவிடும். இரண்டே குறிகள் ஒரு வட்டைக் காத்திருக்கும்.

பூஜ்யம் வாங்கினால் தேர்ச்சி

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் வெற்றி. வேறு எந்த எண்ணும் தோல்வி. நம் தேர்வுக்கு நேர்மாறு!

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குள் செலுத்தும் வசதிக்குக் 'குழாய்' என்று பெயர். குழாயில் எத்தனை கட்டளைகள் இருந்தாலும், வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே நமக்குக் கிடைக்கும். இதை நீங்களே செய்து பார்க்கலாம். 'ஃபால்ஸ்' என்றொரு கட்டளை இருக்கிறது. தோற்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதன் வெளியீட்டைக் குழாய் வழியே 'கேட்' என்ற கட்டளைக்கு அனுப்பிவிட்டு முடிவு எண்ணைக் கேளுங்கள். பூஜ்யம் வரும். தோல்வி மறைந்துவிட்டது! பாஷில் 'பைப்ஃபெயில்' என்ற விதியை இயக்கிவிட்டு மீண்டும் கேளுங்கள். இப்போது ஒன்று வரும்.

வெற்றி போல் வந்த தோல்வி

இனி இவற்றை ஒன்று சேர்த்துப் பார்ப்போம். ஒரு துணைச்செயல் புதிய கோப்பு முறைமையை அமைக்கிறது. அதன் செய்திகளைக் குழாய் வழியே ஒரு வடிகட்டிக்கு அனுப்புகிறது. அமைப்பது தோற்றது, வடிகட்டி வென்றது. முடிவு பூஜ்யம். அடுத்துக் கோப்புறையில் பொருத்தும் கட்டளையும் தோற்கிறது. அதன் எண்ணை யாரும் கேட்கவில்லை. ஆனால் கோப்புறை அப்படியே இருக்கிறது. அது பழைய வட்டின் ஒரு சாதாரணக் கோப்புறை. சோதனை அதிலே ஆயிரம் கோப்புகளை எழுதுகிறது, படிக்கிறது, ஒப்பிடுகிறது. எல்லாம் சரி! 'தேர்ச்சி' என்று அச்சாகிறது. சோதிக்க வேண்டிய கோப்பு முறைமையை யாரும் தொடவே இல்லை.

அந்தக் கோப்பு முறைமையை நம்பி ஒருவர் தம் குடும்பப் படங்களைச் சேமிப்பார். ஒரு மருத்துவமனை தன் பதிவேடுகளை வைக்கும். கோப்புகளை அழித்த பிழையாவது உடனே தெரிந்துவிடும். பொய்யாகத் தேர்ச்சி தரும் பிழை பல ஆண்டுகள் தெரியாமலே இருக்கலாம். ஆகவே நல்ல துணைச்செயல், பொருத்திய பின், 'இந்தக் கோப்புறையில் உண்மையாகவே வேறு வட்டு பொருத்தப்பட்டிருக்கிறதா?' என்று தனியே கேட்டுப் பார்க்கும். 'மவுண்ட்பாயின்ட்' என்ற கட்டளை இதற்கு விடை சொல்லும்.

முன்பு சொன்ன சோதனைத் தொகுப்பில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிர்பார்க்கும் வெளியீடு முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கும். கிடைத்த வெளியீடு அதனோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறை இருந்தால் மட்டுமே பேசும் சோதனைகள் பல, 'மௌனம் பொன்' என்னும் பொருளுள்ள ஒரே வரியை அச்சிடும். அழகான வழக்கம்தான். ஆனால் பேச முடிந்தவனின் மௌனமே பொன். வாய் கட்டப்பட்டவனின் மௌனத்துக்கு மதிப்பு ஏது?

எனவே துணைச்செயலை எழுதியதும், அது வெல்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். இல்லாத வட்டின் பெயரைக் கொடுங்கள். வெறுமையைக் கொடுங்கள். இடைவெளி உள்ள பெயரைக் கொடுங்கள். அழிக்க எதுவுமில்லாத தனிக் கணிப்பொறியில் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அது உரக்கக் கத்த வேண்டும். கத்தினால், பிறகு அது காக்கும் அமைதியை நம்பலாம்.

அடுத்த முறை மின்னழுத்தமானியின் முன் நிற்கும்போது, முதலில் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்க மறக்க மாட்டீர்கள் அல்லவா?