“மீன் வேணாம்மா!” - சுனாமிக்குப் பிறகு சென்னையில் விழுந்த இரண்டாவது அடி

சென்னை, டிச.26-

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணி.

மெரினா கடற்கரையில் வழக்கமான ஞாயிறு. நடக்க வந்தவர்கள் நடந்து கொண்டு இருந்தார்கள். பையன்கள் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு இருந்தார்கள். குப்பங்களில் அடுப்பு புகைந்து கொண்டு இருந்தது.

அப்போதுதான் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது.

அலை வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அலை திரும்பிப் போன பிறகு இந்த நகரத்தில் நடந்த ஒரு சங்கதி பலருக்கு மறந்து போய் இருக்கும்.

அது மீன் சங்கதி!

கடல் மீனவர்களை ஒரு முறை அடித்தது. அடுத்த அடியை அடித்தது யார்? கொஞ்சம் யோசித்தால், நாம்தான்.

இரண்டரை மணி நேரம்

அன்று காலை 6 மணி 29 நிமிடத்துக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூகம்பம். அளவு 9.1. சென்னையிலும் அதிர்வு தெரிந்தது. அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் பதறியடித்துக் கீழே இறங்கி வந்தார்கள். சிறிது நேரம் தெருவில் நின்று பேசினார்கள். “ஒண்ணும் இல்லை, போங்க” என்று மேலே ஏறிப் போய் காபி குடித்தார்கள்.

பூகம்பத்தில் கடலின் தரை தூக்கிக் கொண்டது. அதன் மேல் இருந்த தண்ணீரும் சேர்ந்து எழும்பியது. அப்படிக் கிளம்பிய அலை, ஆழ்கடலில் ஜெட் விமானத்தின் வேகத்தில் ஓடி வந்தது. சுமார் 2 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு குரல் கூட எச்சரிக்கவில்லை. இந்துமாக்கடலில் அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. “சுனாமி” என்ற வார்த்தையே நம் ஊரில் பலருக்கு அன்றுதான் தெரியும்.

தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர் பலியானார்கள். அதில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேல். சென்னையில் 200-க்கும் மேற்பட்டவர்கள். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இருந்து காசிமேடு வரை கடலோரத்து வீடுகளில் அழுகுரல்.

பூட்டிய கடற்கரை

அடுத்த சில நாட்கள் சென்னை வேறு ஊராக இருந்தது.

சாயங்காலம் சுண்டல் விற்றவர்கள் இல்லை. பலூன் சுடும் கடை இல்லை. குதிரைக்காரர்கள் இல்லை. புத்தாண்டுக் கொண்டாட்டங்களை ஓட்டல்கள் ரத்து செய்தன. பொங்கலும் வந்தது. ஆனால் காணும் பொங்கலுக்கு மெரினாவில் அலைமோதும் கூட்டத்தை அந்த ஆண்டு காணோம்.

பஸ்சில், பறக்கும் ரெயிலில், டீக்கடையில் எங்கே போனாலும் இதே பேச்சுதான். “உங்க வீட்டுக்காரங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்?” என்று முன்பின் தெரியாதவர்கள் கூட விசாரித்துக் கொண்டார்கள்.

டிசம்பர் 30-ந்தேதி வியாழக்கிழமை இன்னொரு கூத்து நடந்தது. மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய உள்துறையில் இருந்து எச்சரிக்கை வந்தது. அவ்வளவுதான்! கடலோரத்து ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். இறந்தவர்களுக்கு ஈமக்கடன் செய்து கொண்டு இருந்தவர்களும் அப்படியே விட்டு ஓடினார்கள்.

அலை வரவில்லை. ஆதாரம் இல்லாத தகவல் அது என்று பிறகு மத்திய மந்திரியே சொன்னார். ஆனால் ஓடிய கால்களுக்கு யார் பதில் சொல்வது?

கிளம்பியது வதந்தி

பயம் இருக்கும் இடத்தில் வதந்திக்குக் கால் முளைக்கும். அப்படிக் கிளம்பியதுதான் மீன் வதந்தி.

“கடலில் அத்தனை பிணம் மிதந்ததே! மீன் எல்லாம் அதைத்தானே தின்றிருக்கும்?”

இது ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பியது. தண்ணீர்க் குழாயடிக்கு வந்தது. வீட்டுக்கு வீடு பரவியது. யாரோ ஒருத்தர் வீட்டில் மீனை அறுத்தபோது வயிற்றில் மோதிரம் இருந்ததாம். எந்த வீடு என்று கேட்டால், சொன்னவருக்குத் தெரியாது. அவருக்குச் சொன்னவருக்கும் தெரியாது!

சென்னைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் குழம்பு. அந்தக் குழம்புச் சட்டி கவிழ்ந்தது. கோழிக்கடையில் வரிசை நின்றது. மீன் வாங்க வந்த ஒன்றிரண்டு பேரும், “ஏரி மீனா, கடல் மீனா?” என்று இரண்டு தடவை கேட்டு விட்டுத்தான் பையை நீட்டினார்கள்.

மீன் சாப்பிட்டால் எந்த ஆபத்தும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். மீன்வளத்துறை சொன்னது. யார் கேட்டார்கள்?

கொஞ்சம் நிதானமாக யோசித்தால் விஷயம் விளங்கி இருக்கும். நெத்திலியும் மத்தியும் தின்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களை. வஞ்சிரம் தின்பது அந்தச் சின்ன மீன்களை. அலையில் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கரையிலேயே இறந்து கிடந்தார்கள். பலரது உடல்களைக் கடலே கரையில் கொண்டு வந்து போட்டது. ஆனால் அருவருப்பு வந்து விட்டால், யோசனை வேலை செய்யாது.

“நான் துண்றேனே கண்ணு!”

திருவல்லிக்கேணியில் அப்போது நான் குடியிருந்த தெருவுக்கு ஒரு அம்மாள் மீன் கொண்டு வருவார். குப்பத்துக்காரர். அறுபது வயசு இருக்கும். தலையில் அலுமினியக் கூடை, இடுப்பில் சுருக்குப்பை. எல்லோருக்கும் அவர் “ஆயா”தான்.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு அவர் குரல் மறுபடியும் கேட்டது. கூடையில் கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் நெத்திலி. வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். ஒரு வீட்டில் பழைய புடவை கொடுத்தார்கள். ஒரு வீட்டில் டிபன் கொடுத்தார்கள். மீனை மட்டும் யாரும் வாங்கவில்லை.

“வேணாம் ஆயா. பசங்க சாப்பிட மாட்டேங்குது.”

“ஏன் கண்ணு? நான் துண்றேனே! என் பேரப் புள்ளிங்க துண்ணுதே! எங்களுக்கு இன்னா ஆயிடிச்சி?”

யாரிடமும் பதில் இல்லை. ஆயா கூடையைத் தூக்கிச் சும்மாட்டின் மேல் வைத்துக் கொண்டு போய் விட்டார்.

அந்தப் பேச்சை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது உண்டு. கடலில் சொந்த பந்தத்தைப் பறிகொடுத்தவர்களே அந்த மீனைச் சாப்பிட்டார்கள். யாரையும் பறிகொடுக்காத நாம்தான் முகம் சுளித்தோம்.

கொடுத்த கையும் மறுத்த கையும்

சென்னை மக்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்று சொன்னால், அது பெரிய பொய்.

அலை வந்த அன்றே இளைஞர்கள் ஓடிப்போய் உதவினார்கள். வீடு வீடாகச் சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள். ஆபீஸ்களில் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் அரிசி மூட்டை இறக்கினார்கள். லாரி லாரியாகத் துணி போயிற்று. நாகை பக்கம் ரோட்டு ஓரத்தில் பழைய துணிகள் குவியலாகக் கிடக்கும் அளவுக்குப் போயிற்று!

ஆனால் அரிசி கொடுத்த அதே கைதான் மீனை மறுத்தது.

நிவாரணம் என்பது சில நாள் சாப்பாடு. வியாபாரம் என்பது தினசரி சாப்பாடு. குப்பத்துப் பெண்கள் கேட்டது இரண்டாவதை. நாம் கொடுத்தது முதலாவதை.

தண்டல்காரர் நிற்பாரா?

மீன் விற்கும் பெண்களின் வயிற்றுப்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த அடியின் வலி தெரியும்.

விடியற்காலையில் கரைக்குப் போக வேண்டும். ஏலத்தில் மீன் எடுக்க வேண்டும். கையில் முதல் இல்லாதவர்கள் தண்டலுக்குப் பணம் வாங்குவார்கள். பிடித்தம் போக மீதி கையில் வரும். ஆனால் முழுத் தொகையையும் தினம் தினம் கட்டியாக வேண்டும். ஐஸ் வாங்க வேண்டும். பஸ்சுக்கோ ஆட்டோவுக்கோ கொடுக்க வேண்டும். அன்றைய மீன் அன்றே போக வேண்டும். போகாவிட்டால் கருவாடுதான். அதுவும் இல்லாவிட்டால் குப்பைதான்.

மீன் விற்கவில்லை என்றால் தண்டல்காரர் சும்மா போவாரா?

படகு உடைந்தால் கணக்கு எடுக்கலாம். வலை கிழிந்தால் கணக்கு எடுக்கலாம். நிவாரணக் கணக்கில் முதலில் ஏறியவை இவைதான். விற்காமல் திரும்பி வந்த கூடையை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த நஷ்டம் சுருக்குப்பைக்குள்ளேயே தங்கி விட்டது.

மறுபடியும் கடலுக்கு

பல படகுகள் வாரக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. படகு இல்லாதவர்கள் போக முடியவில்லை. படகு இருந்தவர்களையும் வீட்டில் விடவில்லை. “கடலம்மா சோறு போட்டா, அவளே அடிச்சிட்டா” என்று அழுதார்கள்.

ஆனாலும் போனார்கள். வேறு வழி?

முதலில் கரை தெரியும் தூரம். பிறகு கொஞ்சம் தள்ளி. மீன் வந்தது. சில மாதங்களில் சென்னையின் அருவருப்பும் மெல்லக் கரைந்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஒரு வீட்டில் குழம்பு கொதித்தது. பக்கத்து வீட்டுக்கு வாசனை போயிற்று. அடுத்த ஞாயிறு அங்கேயும் கொதித்தது. அவ்வளவுதான்!

குப்பத்தில் எல்லோரும் பழைய இடத்திலேயே இருந்து விடவில்லை. கடலோரத்தில் வீடு இழந்தவர்கள் பலருக்குக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் வீடு கொடுத்தார்கள். தலைக்கு மேல் கூரை கிடைத்தது. ஆனால் பட்டினப்பாக்கம் எங்கே, செம்மஞ்சேரி எங்கே? இடையில் இருபது கிலோ மீட்டருக்கு மேல். விடியுமுன் கரையில் நிற்க வேண்டிய பெண், முதல் பஸ்சுக்கு இருட்டில் காத்து நிற்க வேண்டியதாயிற்று.

வட சென்னையில் எர்ணாவூர் பக்கம் போனால் “சுனாமி குடியிருப்பு” என்றே வழி சொல்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெறும் விலாசம்.

2012-ல் வந்த சோதனை

2007-ம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. இரவு பகல் 24 மணி நேரமும் அங்கே ஆட்கள் விழித்து இருக்கிறார்கள். ஆழ்கடலில் கருவிகளைப் போட்டுத் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறார்கள்.

2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந்தேதி அதற்குச் சோதனை வந்தது. மதியம் 2 மணி சுமாருக்கு அதே சுமத்ரா பக்கம் பூகம்பம். அளவு 8.6. சென்னையில் மேஜை நாற்காலிகள் ஆடின. ஆபீஸ்கள் காலியாகித் தெருவுக்கு வந்தன. இந்தத் தடவை எச்சரிக்கை உடனே வந்தது. கடற்கரையில் இருந்தவர்களைப் போலீசார் அப்புறப்படுத்தினார்கள்.

நல்ல வேளை! இந்தப் பூகம்பத்தில் கடல் தரை பக்கவாட்டில்தான் நகர்ந்தது, மேலே தூக்கவில்லை. அதனால் பெரிய அலை கிளம்பவில்லை. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக் கொண்டார்கள்.

அன்று ரோட்டில் நின்ற முகங்களைப் பார்த்தால் ஒன்று புரிந்தது. வெளியே மறந்தாலும், இந்த ஊர் உள்ளே மறக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

கரையோரம் இருக்கும்போது பூமி பலமாக ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். ஒரு அலை போய் விட்டது என்று உடனே திரும்பவும் கூடாது. அடுத்த அலை அதை விடப் பெரிதாக வரலாம். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அதே போல, வதந்தி வரும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். “நீ பார்த்தியா?” என்ற ஒரே கேள்வி போதும். அன்று குழாயடியில் பேசியது, இன்று செல்போனில் ஒரு நொடியில் ஊர் சுற்றுகிறது. மோதிரம் மட்டும் மாறும். கதை அதேதான்.

ஒவ்வொரு டிசம்பர் 26-ந்தேதியும் மீனவ மக்கள் காசிமேட்டிலும் பட்டினப்பாக்கத்திலும் கடலில் பால் ஊற்றுகிறார்கள். பூத்தூவிக் கும்பிடுகிறார்கள். பலர் அன்று தொழிலுக்குப் போவது இல்லை.

மறுநாள் படகு போகும். மீன் வரும். கூடை தெருவுக்கு வரும்.

பேரம் பேசுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கூடை ஒரு காலத்தில் எப்படித் திரும்பிப் போயிற்று என்பதையும் நினைத்துக் கொண்டு, நாலு ரூபாய் விட்டுக் கொடுத்து வாங்குங்கள்!