எதிரியை விட்டுவந்த மரம், நண்பனை விட்டுவந்த மரம்

கோலா கங்சார் மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பால்மரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மலேசியாவின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலா கங்சாரில் நடப்பட்டன. பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ அவற்றை வளர்த்தார். பிற்பாடு நம் பாட்டன் பாட்டிகளைக் கப்பலேற வைத்தது இந்த மரம்தான்.

கடல் கடந்தபோது அது தன் எதிரியைப் பிறந்த மண்ணிலேயே விட்டுவிட்டது. தோட்டங்களின் வரலாற்றில் நாம் அதிகம் பேசாத செய்தி இது.

அமேசான் காட்டில் ரப்பர் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை உண்டு. அங்கே ரப்பர் மரங்கள் வேறு மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்பதால் நோய் எளிதில் தாவ முடியாது. மரமும் பிழைக்கிறது, பூஞ்சையும் பிழைக்கிறது. 1928இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் டபஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா தோட்டத்தைத் தொடங்கி, அதே மரத்தை நெருக்கமாக நட்டது. கிளையும் கிளையும் தொட்டதும் பூஞ்சை தோட்டத்தையே மொட்டையடித்தது. 1945இல் நிறுவனம் நிலத்தைப் பிரேசில் அரசிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. பேராக்கில் நிரை நிரையாக மங்கு கட்டிப் பால் வெட்ட முடிந்ததென்றால், தொழிலாளியின் உழைப்போடு அந்தப் பூஞ்சை இன்றுவரை ஆசியாவுக்கு வராததும் காரணம்.

செம்பனையின் கதை நேர் எதிர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த மரம் விட்டுவந்தது நண்பனை. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் பூப்பதால் மகரந்தத்தைச் சுமக்க யாராவது வேண்டும். இங்கே தோட்டத் தொழிலாளர்கள் பெண்பூங்குலைகளைத் தேடித்தேடி மகரந்தத் தூளை ஊதிவிட்டார்கள். எத்தனை பெரிய உழைப்பு அது! 1981இல் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத்தின் ஆய்வைத் தொடர்ந்து, கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசிமணியைவிடச் சிறியது. ஆண்பூவைத் தின்று, அதிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. பெண்பூ பூக்கும்போது ஆண்பூவைப் போலவே சோம்பு வாசனை வீசுகிறது. வண்டு ஏமாந்து அங்கேயும் போகிறது, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு. அத்தோடு கையால் ஊதும் வேலைக்குத் தேவையே இல்லாமல் போனது.

அப்படிக் காய்க்கும் செம்பனைப் பழம் தின்ன எலி வரும். எலியைப் பிடிக்கக் கூகை வரும். அதற்காகவே பல தோட்டங்களில் கூகைகள் தங்கப் பெட்டி வைக்கிறார்கள்.

தோட்டத்தைக் கைவிட்டால் என்ன ஆகும்? வெட்டவெளியில் முதலில் பரவுவது லாலான் புல். பிறகு பறவைகள் போடும் விதையில் செண்டுடுக் செடி, அதன்பின் மஹாங் மரம். இப்படி ஒன்றையடுத்து ஒன்று வருவதை வழிமுறை வளர்ச்சி என்கிறது சூழலியல். சிலவகை மஹாங்கின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். எறும்புகள் அங்கே குடியிருக்கும். மரம் அவற்றுக்கு வெள்ளைத் துகள்களாக உணவு தரும். எறும்புகள் இலை தின்னும் புழுக்களை விரட்டும், சுற்ற வரும் கொடியின் நுனியையும் கடித்துத் துண்டிக்கும். மஹாங் குடை விரித்ததும் வெயில் கிடைக்காத லாலான் மெல்ல மடிகிறது. நிழலில் வளரும் காட்டு மரங்களுக்கு அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

இந்த வரிசையை முறிப்பது தீ. லாலானின் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் இருப்பதால் எரித்தாலும் சாகாது. எரிந்துபோவது மஹாங் கன்றுதான். மீண்டும் மீண்டும் எரித்தால் லாலானே நிலைத்துவிடும். சும்மா கிடக்கும் நிலம் உங்களிடம் இருந்தால் புல்லை வெட்டுங்கள், கொளுத்தாதீர்கள். திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட.