பழைய வானுக்குத் தபாலில் பாகம் எடுப்போர் கவனத்திற்கு

நமது கிராமங்களில் ஓடும் வான்களில் பல இருபது, முப்பது வயதைக் கடந்தவை. மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், நடுச்சாமத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் இவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில், 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதியாகும் உதிரிப்பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. எனவே இருக்கும் வானைத் திருத்தி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கும் வேறு வழியில்லை.

பாகம் கிடைக்கும் இடமோ தொலைவில் இருக்கிறது. உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்போன கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ போய்வர ஒரு நாள் முழுதாக வேண்டும். அதனால் தொலைபேசியில் சொல்லி, வங்கியில் காசு போட்டு, தபாலிலோ பஸ்ஸிலோ பொதியை எடுப்பிக்கிறோம். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

பெயர் ஒன்று, அளவு வேறு

"ரொயோட்டா ஹையேஸ் வானுக்குப் பிஸ்டன் றிங் வேண்டும்" என்று சொன்னால் போதுமென நினைக்கிறோம். ஆனால் ஹையேஸ் வான்கள் ஒரே எஞ்சினோடு வந்தவையல்ல. 2எல் டீசல் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீற்றர். 3எல் எஞ்சினுக்கு 96. 5எல் எஞ்சினுக்கு 99.5. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றின் றிங் மற்றதற்கு ஒருபோதும் பொருந்தாது. கிளச் பிளேற்றும் அப்படித்தான்: விட்டம் சரியாக இருந்தாலும் நடுத்துளையின் பல் எண்ணிக்கை மாறினால் அது பயன்படாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய வான்கள் பலவற்றில் எஞ்சின் ஒரு தடவையாவது மாற்றப்பட்டிருக்கும். வான் 2எல் எஞ்சினோடு வந்திருக்கலாம். இன்று உள்ளே இருப்பது 3எல் ஆக இருக்கலாம். வானின் ஆண்டை மட்டும் சொல்லிக் கேட்டால், கடைக்காரர் மனமறிந்து ஏமாற்றாமலே பிழையான பாகத்தை அனுப்பிவிடுவார்.

பிழையான பாகத்தின் உண்மை விலை

வி.பி.பி. பொதியென்றால் காசைக் கட்டிய பிறகுதான் திறந்து பார்க்கலாம். பாகம் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு நமது தலையில். கடைக்காரர் காசைத் திருப்பித் தரமாட்டார். "வேறு சாமான் எடுங்கோ" என்பார். இதற்குள் ஒரு கிழமை போய்விடும். வான் கராச்சில் நிற்க, சாரதிக்கு உழைப்பில்லை. பிள்ளைகள் வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். மரக்கறி தோட்டத்தில் முற்றிப்போகும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் பாகத்தின் விலை சிறிதாகிவிடும். பொறுமையிழந்து, பொருந்தாத பாகத்தை அராவிப் பொருத்துவோரும் உண்டு. பிறேக் பாகங்களில் இது உயிரோடு விளையாடுவதாகும்.

நாம் செய்யக்கூடியவை

1. எஞ்சின் வகையை எஞ்சின் உடலிலேயே பார்த்து எழுதுங்கள். பதிவுப் புத்தகத்தை மட்டும் நம்பவேண்டாம். வானின் மாதிரி, செஸி இலக்கம் ஆகியவற்றை வானில் பொருத்திய உலோகத் தகட்டிலிருந்து எடுங்கள்.

2. பாக இலக்கத்தைக் கேளுங்கள். ரொயோட்டா பாகங்களின் இலக்கம் பெரும்பாலும் பத்துத் தானங்கள் கொண்டது. முதல் ஐந்தும் அது எவ்வகைப் பாகம் என்பதைக் காட்டும்: 04465 எனத் தொடங்கினால் முன் பிறேக் பாட்; 04495 என்றால் பின் பிறேக் சூ. அடுத்த ஐந்தும் எந்த வடிவம் என்பதைக் காட்டும். முதல் ஐந்தும் ஒத்தால் போதாது, பத்தும் ஒக்க வேண்டும்.

3. கழற்றிய பழைய பாகத்தை வீசவேண்டாம். அளந்து, படமெடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். அனுப்பப்போகும் பாகத்தின் படத்தையும் காசு போடுமுன் கேளுங்கள்.

4. ஜப்பான் அசலா, வேறு நாட்டுத் தயாரிப்பா, கழற்றிய பாகமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். மூன்றுக்கும் விலையும் ஆயுளும் வெவ்வேறு.

5. பொருந்தாவிட்டால் காசு திரும்புமா, அனுப்புசெலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி, எழுத்தில் பெறுங்கள்.

பற்றுச்சீட்டு முக்கியம்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். "தெரிந்த கடைதானே" என்று பற்றுச்சீட்டை விட்டுவிட்டால், பின்பு காட்டுவதற்குக் கையில் எதுவும் இராது.

ஒருவர் பட்ட பாடு ஊருக்குப் பாடமாகட்டும்

1990களில் வடக்கே எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நமது மெக்கானிக்மார். அவர்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. குறைவாயிருப்பது எழுதிவைக்கும் பழக்கமே. பொருந்திய பாகத்தின் இலக்கம், கடை, விலை, எத்தனை நாளில் வந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து ஊர்க் கராச்சிலோ சங்கத்திலோ வைக்கலாம். ஒரே வகை வான் வைத்திருப்போர் சேர்ந்து, அடிக்கடி தேயும் பாகங்களை ஒரே பொதியில் எடுப்பிக்கலாம். அனுப்புசெலவும் குறையும். பத்துப் பேராகக் கேட்கும்போது கடைக்காரரும் கவனமாகத் தேடி எடுப்பார். செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும்தான். அடுத்த வான் பழுதாகுமுன் தொடங்கிவிடுவோம்.