அம்மாவும் அம்மைத்தழும்புப் பாட்டியும்

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தே பழக்கம். சாப்பாட்டிலும் அப்படித்தான். சைவம், அசைவம். அவ்வளவுதான். அந்தக் கணக்கை ஒரு சீனக் கடை ஒரே ராத்திரியில் தப்பாக்கிவிட்டது!

தங்கையின் வீட்டுக்காரருக்கு, சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவில் வேலை. அம்மாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் போயிருந்தேன். அம்மா சுத்த சைவம். கேக்கை நீட்டினால்கூட 'முட்டை போட்டிருக்கா?' என்று விசாரணைக் கமிஷன் வைப்பாள். அப்பா இருந்தவரை, சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஓட்டலுக்குப் போய் ரவா தோசை சாப்பிடுவார்கள். அப்பா போய் நாலு வருஷம். அதற்கப்புறம் எந்த ஓட்டல் படியையும் அம்மா மிதிக்கவில்லை. யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

செங்டுவிலும் அதே கதை. பெட்டியில் கொண்டுபோன மாங்காய்த் தொக்கு, குக்கர் சாதம். பாண்டா கரடியைப் பார்க்கப் போனபோதும் கையில் புளியோதரைப் பொட்டலம்! 2010-லேயே யுனெஸ்கோ 'உணவுக் கலை நகரம்' என்று பட்டம் கொடுத்த ஊரில் உட்கார்ந்து தொக்கு சாதம் சாப்பிடுகிறோமே என்று எனக்கு ஆதங்கம்.

ஆறாம் நாள், "சாப்பிட வேண்டாம்மா, சும்மா வந்து உட்காரு" என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன்.

சந்துக்குள் ஒரு சின்னக் கடை. பிளாஸ்டிக் முக்காலிகள், எண்ணெய்ப் பிசுக்கு மேஜைகள். இந்த மாதிரிக் கடைகளுக்கு அந்த ஊரில் செல்லப் பெயரே 'ஈக்கடை'. ஈ இருந்ததா என்றால், சத்தியமாக நான் பார்க்கவில்லை. கூட்டம்தான் ஈயாய் மொய்த்தது.

சுவரில் இருந்த பட்டியலைத் தங்கை படித்துத் தமிழ்ப்படுத்தினாள்.

"மரம் ஏறும் எறும்பு..."

"எறும்பா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, சேமியா மாதிரி ஒண்ணு. மேல கொத்துக்கறி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதான் எறும்பாம். அடுத்து, புருஷன் பொண்டாட்டி நுரையீரல் துண்டு..."

அம்மா எழுந்தேவிட்டாள்!

இழுத்து உட்காரவைத்து விளக்கினோம். 1930-களில் இதே ஊரில் குவோ ச்சாவ்ஹுவா, ஜாங் தியென்ஜெங் என்று ஒரு தம்பதி மாட்டுக் குடல், நாக்கு வகையறாவை மசாலாவில் புரட்டி விற்றார்களாம். பெயரில் நுரையீரல் இருக்கிறதே தவிர, தட்டில் பெரும்பாலும் இருக்காது.

"அடுத்தது மீன் வாசனைக் கத்தரிக்காய். இதுல மீனே கிடையாதும்மா. மீனுக்குப் போடற ஊறுகாய் மிளகாய், இஞ்சி, பூண்டு, சர்க்கரை, வினிகர் எல்லாம் போடறதால அந்தப் பேர். ஆனா கொத்துக்கறி சேர்க்கறதும் உண்டு. வேண்டாம்னு சொல்லணும்."

கடைக்காரம்மாவிடம் போய், அம்மா சைவம் என்று சீன மொழியில் சொல்லிவிட்டு, குழந்தைக்குக் கை கழுவத் தங்கை உள்ளே போனாள். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். பட்டியலில் சிவப்புக் குழம்பில் வெள்ளை வெளேரென்று டோஃபு படம். டோஃபு என்றால் சோயா. சோயா என்றால் சைவம். சர்வர் பையனிடம் விரலைக் காட்டினேன். வந்தது.

"பனீர் மாதிரிதாம்மா. ஒரே ஒரு வாய்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஸ்பூனை எடுத்துவிட்டாள். வாய்க்கும் ஸ்பூனுக்கும் இரண்டு அங்குலம் இருக்கும். அடுப்படியிலிருந்து கடைக்காரம்மா "நியோ ரோ! நியோ ரோ!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

தங்கை பதறிக்கொண்டு வந்தாள். "அண்ணா... அது மாட்டுக்கறி!"

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த டோஃபுவின் பெயர் 'மாபோ'. அம்மைத்தழும்புப் பாட்டி என்று அர்த்தம். 1862 வாக்கில் செங்டுவில் சென் குடும்பத்துக் கடையில், முகத்தில் தழும்பு இருந்த ஒரு பெண்மணி செய்த பதார்த்தம் என்கிறார்கள். பொடியாய்க் கொத்திய மாட்டிறைச்சி அதில் சம்பிரதாயம். பெயரில் மீன் இருப்பதில் மீன் இல்லை. பார்க்கப் பரம சாதுவாக இருப்பதில் மாடு! என் பி.காம். கணக்கு அங்கேயே படுத்துவிட்டது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தாள். 'போச்சு, இனி ஜென்மத்துக்கும் ஓட்டல் கிடையாது' என்று நினைத்தேன்.

கடைக்காரம்மா விடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து அடுப்படி வாசலுக்கே அழைத்துப் போய் நிறுத்தினார். இரும்பு வாணலியைத் தேய்த்துக் கழுவிக் காட்டினார். பன்றிக் கொழுப்பு இருந்த பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கடுகு இனத்து எண்ணெயைப் புதுசாக ஊற்றினார். பூண்டை எடுத்துக் காட்டி ஏதோ கேட்டார்.

"பூண்டு சேர்ப்பியான்னு கேக்கறாங்க. இங்க புத்த மதத்து சைவக்காரங்க வெங்காயம், பூண்டு தொடமாட்டாங்க" என்றாள் தங்கை.

"பூண்டு இல்லாம என்ன ரசம்? போடச் சொல்லு!"

கறி இல்லாத பாட்டி டோஃபுவும், மீன் இல்லாத மீன் கத்தரிக்காயும் வந்தன. அம்மா ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"டேய்... உதட்டுல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குடா!"

அதுதான் சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு, ஜாதியில் எலுமிச்சைக் குடும்பம். விதையை விட்டு மேல்தோலை மட்டும் போடுவார்கள். மிளகாய் நமக்கும் அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. இதுவோ அந்த மண்ணின் சொந்தச் சரக்கு. நாக்கை எரிப்பதில்லை, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி மரக்க வைக்கும். மரப்புக்கு 'மா', காரத்துக்கு 'லா', சேர்த்து 'மாலா'. ஏதோ எதிர்வீட்டுப் பெண் பெயர் மாதிரி!

கரண்ட் என்று அம்மா சொன்னது விளையாட்டில்லை. இந்த மிளகை உதட்டில் தடவினால் விநாடிக்குச் சுமார் 50 அதிர்வுகள் போல உணர்கிறோம் என்று 2013-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் மின்வாரியம் அனுப்பும் கரண்ட்டும் அதே 50 ஹெர்ட்ஸ்தான்! என்ன, இதில் மின்வெட்டு கிடையாது.

அம்மா இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். கடைசியில் வெல்லப்பாகு ஊற்றிய ஐஸ் ஜெல்லி. அதையும் விடவில்லை.

பில்லில் முதல் டோஃபுவுக்குக் காசே போடவில்லை. தப்பு என்னுடையது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று மன்றாடினேன். கடைக்காரம்மா தலையாட்டி மறுத்துவிட்டு அம்மாவைக் காட்டி என்னமோ சொன்னார்.

"என்னவாம்?"

"அவங்களுக்கும் ஊர்ல அம்மா இருக்காங்களாம். அவங்களும் சைவமாம்" என்றாள் தங்கை.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? காலேஜில் சொல்லித் தரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணி. அம்மா புடவை மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் தொக்கு பாட்டில்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"எங்கயா? அந்த நுரையீரல் கடைக்குத்தான். சட்டுனு கிளம்புடா, அப்புறம் இடம் கிடைக்காது!"