ஒளிப்படங்களுக்குப் பின்னூட்டம் அளித்தல்

ஒளிப்படப் பின்னூட்டம் என்பது ஒருவர் எடுத்த ஒளிப்படத்தை மற்றொருவர் நிதானமாகப் பார்த்து, அதில் தாம் கண்டவற்றையும் உணர்ந்தவற்றையும், அப்படம் மேம்படுவதற்கான வழிகளையும் எடுத்தவரிடம் கூறுவதாகும். ஒளிப்படக் கழகங்கள், கலைக் கல்லூரிகள், செய்தி நிறுவனங்கள், பள்ளி மன்றங்கள் ஆகியவற்றில் இது பயிற்சியின் ஒரு பகுதியாக உள்ளது. பின்னூட்டம் என்பது பாராட்டு அன்று. மதிப்பெண் இடுவதும் அன்று. "அருமை" என்ற சொல் எடுத்தவரை மகிழ்விக்கிறது. ஆனால் அடுத்த படத்தை எப்படி எடுப்பது என்பதைச் சொல்வதில்லை. "சரியில்லை" என்ற சொல்லும் அப்படியே.

தேவை

படம் எடுத்தவருக்குத் தம் படத்தைப் புதிய கண்ணால் பார்ப்பது கடினம். அந்த இடத்தின் வெயில், ஓசை, மணம், அங்கு நின்றவரோடு பேசிய பேச்சு எல்லாம் அவர் நினைவில் இருக்கின்றன. அவர் படத்தைப் பார்க்கும்போது அந்த நினைவையும் சேர்த்தே பார்க்கிறார். பார்ப்பவருக்கோ நான்கு விளிம்புகளுக்கு உட்பட்ட ஒரு செவ்வகம் மட்டுமே கிடைக்கிறது. எடுத்தவர் சொல்ல நினைத்ததற்கும் படம் சொல்வதற்கும் இடையே உள்ள இந்தத் தொலைவை அளந்து சொல்வதே பின்னூட்டத்தின் முதன்மையான பணி.

வரலாற்றுப் பின்னணி

படைப்பாளி தம் படைப்பை அறிந்தோர் முன் வைத்துக் கருத்துக் கேட்பது பழைய வழக்கம். தமிழில் இதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது.

ஒளிப்படத் துறையில் இந்த வழக்கத்தைக் கழகங்கள் வளர்த்தன. 1853-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ஒளிப்படக் கழகம், 1894-இல் 'ராயல்' என்ற அடைமொழியைப் பெற்றது. இக்கழகம் இன்றும் உறுப்பினர்களின் படத்தொகுப்புகளை ஆராய்ந்து தகுதிநிலைகளை வழங்கி வருகிறது. 1950-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு (எஃப்ஐஏபி) பல நாடுகளில் நடைபெறும் போட்டிகளுக்கு விதிமுறைகளை வகுக்கிறது. போட்டி நடுவரின் வேலை தேர்ந்தெடுப்பது. பின்னூட்டம் தருபவரின் வேலை எடுத்தவர் வளர உதவுவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பல கசப்புகளுக்குக் காரணமாகிறது.

நான்கு படிகள்

அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் கலைப்படைப்புகளை ஆராய்வதற்கு நான்கு படிகளைக் கொண்ட முறையை வகுத்தார். வகுப்பறைகளில் பரவலாகக் கையாளப்படும் இம்முறை ஒளிப்படத்துக்கும் பொருந்தும்.

1. விவரித்தல்: படத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் கூறுதல். நல்லது, கெட்டது என்ற சொற்கள் இங்கு வரக்கூடாது.
2. பகுத்தாய்தல்: ஒளி எங்கிருந்து வருகிறது, கோடுகள் கண்ணை எங்கே இட்டுச் செல்கின்றன, எது பெரிதாகத் தெரிகிறது, எது மறைகிறது என்று பார்த்தல்.
3. பொருள் காணுதல்: படம் எதைச் சொல்வதாகத் தோன்றுகிறது என்று கூறுதல்.
4. மதிப்பிடுதல்: சொல்ல வந்ததைப் படம் எந்த அளவுக்குச் சொல்லியிருக்கிறது என்று காரணத்துடன் கூறுதல்.

பெரும்பாலோர் முதல் மூன்று படிகளைத் தாண்டி நேரே நான்காம் படிக்குச் சென்றுவிடுகின்றனர். முதல் படியே எடுத்தவருக்கு மிகவும் பயன்படுவது. "முதலில் என் கண்ணில் பட்டது வலப்பக்கத்துச் சிவப்பு வாளி" என்று ஒருவர் சொன்னால் போதும்; குழந்தையின் முகத்தைக் காட்ட நினைத்தவருக்குக் குறை எங்கே என்பது தானே விளங்கிவிடும்.

கவனிக்க வேண்டிய கூறுகள்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒளிப்படப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜான் சார்கோவ்ஸ்கி, 1964-இல் நடத்திய கண்காட்சியிலும் 1966-இல் வெளிவந்த 'தி ஃபோட்டோகிராஃபர்ஸ் ஐ' என்ற நூலிலும் ஒளிப்படத்துக்கே உரிய ஐந்து கூறுகளைக் குறிப்பிட்டார். அவை: பொருள், நுண்விவரம், சட்டகம், காலம், பார்வைக் கோணம். பின்னூட்டம் தருபவர் இவற்றை ஐந்து கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். எதை எடுத்தார்? எந்தச் சிறு விவரம் படத்துக்கு உயிர் தருகிறது? எதை விளிம்புக்கு வெளியே விட்டார்? எந்த நொடியில் அழுத்தினார்? எங்கே நின்று எடுத்தார்?

இவற்றுள் கடைசி மூன்றும் எடுத்தவர் கையில் இருப்பவை. ஆகவே ஆலோசனைகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே அமைவது நல்லது.

நுட்பமும் நோக்கமும்

கூர்மையின்மை, மிகை வெளிச்சம், சாய்ந்த தொடுவானம் போன்றவை எளிதில் கண்ணில் படும் குறைகள். இவற்றைச் சுட்டும்போது காரணத்தையும் கூறவேண்டும். எடுத்துக்காட்டாக, 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பவர் ஷட்டர் வேகத்தை 1/200 வினாடி அல்லது அதைவிடக் குறைந்த நேரமாக வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். 1/30 வினாடியில் எடுத்தால் கை அசைவு படத்தில் பதிந்துவிடும் வாய்ப்பு அதிகம். "படம் கலங்கியிருக்கிறது" என்பதைவிட இந்த விளக்கம் மாணவருக்கு உதவும்.

ஆனால் எல்லாக் கலங்கலும் குறை அன்று. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இராபர்ட் காப்பா எடுத்த போர்க்களப் படங்களில் கூர்மை குறைவு. அதுவே அந்த நேரத்தின் பதற்றத்தைப் பார்ப்பவரிடம் சேர்க்கிறது. எனவே குறை என்று தோன்றுவதைச் சொல்வதற்கு முன், "இதை வேண்டுமென்றே செய்தீர்களா?" என்று கேட்டுவிடுவது முறை.

சொல்லும் முறை

பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் மூதாட்டி ஒருவரை ஒரு மாணவி படம் எடுத்திருக்கிறாள் என்று கொள்வோம். அதற்கு மூன்று வகையான மறுமொழிகள் வரலாம்.

"சூப்பர்!" என்பது முதல் வகை. மாணவி மகிழ்வாள், எதுவும் கற்கமாட்டாள்.

"பின்னணி மோசம்" என்பது இரண்டாம் வகை. அவள் வருந்துவாள், எதை மாற்றுவது என்று அறியமாட்டாள்.

"பாட்டியின் கைகள் பையை இறுகப் பற்றியிருப்பது காத்திருப்பின் களைப்பைச் சொல்கிறது. தலைக்குப் பின்னால் மின்கம்பம் நேராக நிற்பதால் கண் முகத்தை விட்டுக் கம்பத்தின் மேல் ஏறிவிடுகிறது. இரண்டடி இடப்புறம் நகர்ந்து எடுத்திருந்தால் கம்பம் தலையிலிருந்து விலகியிருக்கும்" என்பது மூன்றாம் வகை. இதில் படத்தின் பலம் காரணத்துடன் சொல்லப்பட்டுள்ளது. குறையும் அதன் விளைவும் உள்ளன. அடுத்த முறை செய்யக்கூடிய ஒரு செயலும் இருக்கிறது.

மூன்றாம் வகைப் பின்னூட்டத்துக்கு உதவும் சில நெறிகள்:

- படத்தைப் பற்றிப் பேசுக; எடுத்தவரின் திறமையைப் பற்றிப் பேசவேண்டாம். "உனக்கு ஒளியைப் பற்றித் தெரியவில்லை" என்பதற்குப் பதிலாக "முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது" என்க.
- ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு குறைகளே போதும். பத்தை அடுக்கினால் எதுவும் நினைவில் நிற்காது.
- பாராட்டும் துல்லியமாக இருக்கட்டும். எது நன்று என்று அறிந்தால்தான் அதை மீண்டும் செய்ய முடியும்.
- சொந்த விருப்பத்தை விதியாக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு விதி போன்றவை வழிகாட்டிகளே. அவற்றை மீறிய நல்ல படங்கள் ஏராளம்.
- தொடக்கநிலை மாணவருக்கும் பல்லாண்டு அனுபவம் உள்ளவருக்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டாம்.

காரணம் கூறாத நிராகரிப்பு

1930-களில் அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம், பொருளாதாரப் பெருமந்தத்தால் நலிந்த ஊர்ப்புற வாழ்க்கையைப் படமெடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன் தலைவர் ராய் ஸ்டிரைக்கர் தாம் ஏற்காத நெகட்டிவ்களில் துளையிடும் வழக்கத்தைக் கொண்டிருந்தார். துளையிட்டபின் அவற்றிலிருந்து சரியான அச்சுப்படி எடுக்க இயலாது. ஒளிப்படக்காரர்கள் இதை எதிர்த்தனர். பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. துளை விழுந்த நெகட்டிவ்கள் பல இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. சில படங்களில் மனிதரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு வட்டம் தெரிகிறது.

இதே ஸ்டிரைக்கர் களத்தில் இருந்த ஒளிப்படக்காரர்களுக்கு எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்டறியவேண்டும் என்று விரிவான குறிப்புகளையும் கடிதங்களையும் அனுப்பி வந்தார். அக்குறிப்புகள் படமெடுப்பவரின் பார்வையை விரிவாக்கின. துளைகள் படத்தையும் அழித்தன. ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்லவில்லை.

படத்தில் இருப்பவர்

பின்னூட்டம் எடுத்தவருக்கும் பார்ப்பவருக்கும் இடையில் மட்டும் நிகழ்வதாகத் தோன்றும். மனிதரைக் காட்டும் படங்களில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு.

டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' என்ற படம் உலகப் புகழ் பெற்றது. லாங்கே அன்று அக்குடும்பத்தைப் பல படங்கள் எடுத்தார். தொலைவிலிருந்து கூடாரத்துடன் எடுத்தவையும், அருகில் சென்று எடுத்தவையும் அவற்றுள் உண்டு. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், சட்டகம் நெருங்க நெருங்கப் பொருள் எப்படி மாறுகிறது என்று மாணவர்கள் அறியலாம். புகழ்பெற்ற அப்படத்தின் கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. அது கண்ணை உறுத்துவதாகக் கருதிய லாங்கே பின்னர் அதை மங்கச் செய்தார். ஆவணப்படத்தில் இவ்வாறு கைவைக்கலாமா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது.

படத்தில் இருந்த பெண்ணின் பெயரை லாங்கே கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். லாங்கே எழுதிவைத்த சில விவரங்களை அவருடைய குடும்பத்தினர் மறுத்தனர். ஒளியும் சட்டகமும் பெருவிரலும் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசியவர்கள் இருந்தனர். படத்தில் இருந்தவரின் குரல் அவ்வளவு காலம் கழித்தே கேட்டது.

எனவே மனிதரைக் காட்டும் படத்துக்குப் பின்னூட்டம் தரும்போது சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்பது கடமையாகும். இவரிடம் இசைவு பெறப்பட்டதா? இவர் இப்படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? படத்தின் கீழே எழுதியிருப்பது உண்மையா? நோயாளிகள், குழந்தைகள், வறியோர் ஆகியோரின் படங்களில் இக்கேள்விகள் நுட்பக் கேள்விகளுக்கு முன்னால் வரவேண்டும்.

பெறுபவர் செய்ய வேண்டியவை

பின்னூட்டம் கேட்பவர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதைவிட, "இதில் தனிமையைக் காட்ட முயன்றேன், தெரிகிறதா?" என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும். சொல்பவர் முடிக்கும் வரை விளக்கம் கூறாமல் கேட்பது நல்லது. படம் தனியாக நிற்கும்போது விளக்கம் சொல்ல எடுத்தவர் அருகில் இருக்கப்போவதில்லை. எல்லாக் கருத்துகளையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தை மீண்டும் பார்க்கவேண்டும்.

பிறர் படத்தை ஆராய்வது ஆராய்பவருக்கும் பயிற்சியே. மின்கம்பத்தை மற்றவர் படத்தில் கண்டவர், அடுத்த முறை தாம் படமெடுக்கும்போது பொத்தானை அழுத்துமுன் பின்னணியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.