முதல் மரக்கால் யாருக்கு?

குட்டீஸ், தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துக்குப் போனால், திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலைக் கட்டாயம் பாருங்கள். நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய, வட்ட வடிவ நெற்களஞ்சியம் ஒன்று அங்கே இருக்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும்!

ஆனால், வயலில் விளைந்த நெல் முழுவதும் களஞ்சியத்துக்கோ வீட்டுக்கோ வந்துவிடாது. அறுத்தவர்களுக்கும், கட்டுத் தூக்கியவர்களுக்கும் களத்துமேட்டிலேயே கூலி நெல் அளந்துவிடுவார்கள். மீதிதான் வண்டி ஏறும். டெல்டாவில் இது பழைய வழக்கம்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு களத்துமேடு உண்டு. அதுதான் குடல்!

நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. அது வயிற்றிலும் குடலிலும் செரித்து, அமினோ அமிலங்கள் என்னும் சின்னச்சின்னத் துண்டுகளாகிறது. உடம்பை வளர்க்கும் செங்கற்கள் இவைதான். இவை ரத்தத்துக்குப் போகும் முன்பே குடல் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

குறைமாதக் குழந்தைகளிடம் இந்தப் பங்கு மிகப் பெரியது. தாயின் வயிற்றில் சுமார் 40 வாரம் இருக்க வேண்டிய குழந்தை, 37 வாரம் முடியும் முன்பே பிறந்தால் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலகில் பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இப்படிப் பிறக்கிறது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர மருத்துவர்கள், இக்குழந்தைகளின் பாலில் அடையாளமிட்ட அமினோ அமிலத்தைக் கலந்து கொடுத்தார்கள். சற்றே எடை கூடிய கார்பன்தான் அந்த அடையாளம். இயற்கையில் உள்ளதுதான், கெடுதல் செய்யாது. 'த்ரியோனைன்' என்னும் அமினோ அமிலத்தில் சுமார் முக்கால் பங்கைக் குடலே எடுத்துக்கொள்வதை 2007-ல் வெளியிட்டார்கள். 'குளூட்டமேட்'டிலும் பெரும் பங்கைக் குடலே எடுத்துக்கொள்கிறது என்றும் கண்டார்கள்.

குடல் என்ன பேராசைக்காரனா? இல்லை! குளூட்டமேட், குடலுக்கு அடுப்பு விறகு மாதிரி. த்ரியோனைனைக் கொண்டு 'மியூசின்' என்னும் வழவழப்பான பொருளைக் குடல் செய்கிறது. குடலின் உட்சுவரில் பூச்சுப் போல் படிந்து, கிருமிகள் உள்ளே புகாமல் காப்பது இதுதான். குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சுவர் இன்னும் சரியாக முதிர்ந்திருக்காது. கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

பால் உறிஞ்சி விழுங்கத் தெரியாத இக்குழந்தைகளுக்கு, ஊசிக் குழாய் வழியாக ரத்தத்திலேயே சத்துகளை ஏற்றலாம். அப்போது உடம்புக்குச் சத்துக் கிடைக்கும்; குடலுக்கோ பாலிலிருந்து நேரே கிடைக்கும் பங்கு போய்விடும். கூலி அளக்காத களத்தில் வேலை நடக்குமா? அதனால்தான் மருத்துவர்கள், மெல்லிய குழாய் மூலம் சில மில்லி தாய்ப்பாலையாவது சீக்கிரமே வயிற்றுக்குள் விடுகிறார்கள்.

அம்மாவுக்குப் பால் சுரக்காவிட்டால்? அதற்குத்தான் தாய்ப்பால் வங்கி! ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழக அரசு மருத்துவமனைகள் ஏழில் 2015-ல் இவை வந்தன; தஞ்சாவூரும் அவற்றில் ஒன்று. மற்ற தாய்மார் தரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைத்து, கிருமி நீக்கி, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் பாலாடைப் பால்தான். அதில் முதல் மரக்கால் குடலுக்கு! மீதியில் தான் குட்டிப் பாப்பா வளர்கிறது.